ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச்: எந்த இணைப்பு எந்த வண்டிக்கு?

சிக்னலில் நிற்கும்போது ஹீட் முள் மெல்ல மேலே ஏறுகிறது, ஃபேன் சத்தத்தைக் காணோம். பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பதற்றம் புதிதில்லை. மெக்கானிக்கிடம் போனால் ஒருவர் "டைரக்ட் குடுத்துடலாம் சார்" என்கிறார். இன்னொருவர் டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துத் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர் "தெர்மோ ஸ்விட்சை மாத்துங்க, போதும்" என்கிறார். ரேடியேட்டர் தண்ணீர் சூடானதும் ஃபேனைத் தானாகப் போடும் ஸ்விட்ச் அது. மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை ஸ்விட்ச் என்பது ஒரு காப்பு ஏற்பாடு. எந்தப் பாகம் கைவிடும் என்று பயப்படுகிறீர்களோ, அதைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இணைத்தால்தான் அது காப்பு. பாழான ரிலே (சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) வழியாகவே போகும் ஸ்விட்சை எத்தனை தடவை தட்டினாலும் ஃபேன் ஓடாது.

மாருதி 800, ஆம்னி மாதிரி பழைய சின்ன வண்டிகளை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஃபேன் பெல்ட்டில் சுற்றுகிறது. பிறகு மின்சார ஃபேன் மாற்றியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள். ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

## ஸ்விட்ச் வாங்கும் முன்

கார் எப்போது ஹீட் ஆகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் சந்தேகப்படலாம். 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஏறினால் ஃபேனுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அந்த வேகத்தில் வரும் எதிர்காற்றே போதும். அடைத்த ரேடியேட்டர், குறைந்த கூலண்ட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்த நிலையில் ஸ்விட்ச் வைப்பது காசுக்கும் கேடு, நோயையும் மறைக்கும்.

அடுத்து, தெர்மோ ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். ரேடியேட்டரின் பக்கவாட்டிலோ, தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும் கூட்டின் அருகிலோ அது இருக்கும். ஒயர் மெல்லியதாக இருந்தால் அது ரிலேயின் காயிலை (ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருள்) மட்டும் இயக்குகிறது. அதில் ஓடுவது சுமார் 0.15 ஆம்பியர். ஒயர் தடிமனாக, ஃபேன் மோட்டாருக்குப் போகும் ஒயர் அளவுக்கே இருந்தால் மோட்டாரின் முழு மின்சாரமும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. கீழே வரும் தேர்வுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தே மாறும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள்:

- எந்தக் கோளாறிலிருந்து காப்பாற்றும்? தெர்மோ ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், ஒயர், மோட்டார் என்று ஐந்து இடத்தில் சங்கிலி அறுந்துபோகலாம்.
- ஆட்டோமேட்டிக் பழையபடி வேலை செய்யுமா?
- மறந்துவிட்டால் என்ன ஆகும்?
- காருக்குள் எவ்வளவு மின்சாரம் வருகிறது?
- நாளைக்கு வேண்டாம் என்றால் பழையபடி மாற்ற முடியுமா?

முதல் இரண்டுக்கும்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஆட்டோமேட்டிக்கைக் கெடுக்கும் எந்த இணைப்பையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். டிரைவருக்கு மறதி வரும், வண்டியை வேறு ஒருவர் எடுத்துப்போவார்.

## ஒன்று: டைரக்ட்

சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடும், எஞ்சினை அணைக்கும்வரை நிற்காது. தெர்மோ ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டால் முடிந்தது. அஞ்சு நிமிட வேலை, செலவே இல்லை. ஊர் நடுவில் வண்டி நின்றுவிட்டபோது வீடு போய்ச் சேர இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் அதையே வருஷக்கணக்கில் விட்டுவைப்பதுதான் பிரச்சினை. ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் விட்டு விட்டு ஓடுவதற்கென்று செய்தவை. நாள் முழுக்க ஓடினால் சீக்கிரம் தேயும். கடைசியில் பழுதாவது மோட்டாரேதான், அதற்குப் பிறகு எந்த ஸ்விட்சும் உதவாது. சின்ன காரின் ஆல்டர்னேட்டருக்கு 8, 10 ஆம்பியர் கூடுதல் சுமை வேறு. இரவு, மழை, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேரும்போது ஐடிலில் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம்.

இதோடு சேர்த்து தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் எஞ்சின் சூடே ஏறாது. மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் தங்கும். வால்வு உள்ளே இருந்தால் டைரக்ட் ஃபேனால் எஞ்சின் அவ்வளவாகக் குளிர்ந்துவிடாது. சூடு ஏறும்வரை வால்வு தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது.

## இரண்டு: டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியே நேராக மோட்டாருக்கு

பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் உள்ளே வரும், ஸ்விட்ச், மறுபடி வெளியே போய் மோட்டார். நடுவில் ரிலே கிடையாது. தெர்மோ ஸ்விட்ச், பழைய ரிலே, பழைய ஃபியூஸ் எல்லாவற்றையும் தாண்டிப் போகிறது என்பது இதன் பலம். பார்க்க எளிமையாகவும் இருக்கிறது.

எனக்கு இதில்தான் அதிக பயம். சின்ன காரின் ஃபேன் 80 முதல் 120 வாட் வரை இருக்கும், அதாவது 7 முதல் 10 ஆம்பியர். சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இதற்கு வீட்டு போர்டில் போடும் 6 ஆம்பியர் ஸ்விட்சை வைத்திருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் ஸ்விட்சைத் திறக்கும்போது வரும் பொறி தானாக அணையும். பேட்டரி மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது. மோட்டாரின் சுருள் வேறு பொறியை நீட்டிக்கும். கான்டாக்ட் கருகி, சூடாகி, ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும் அல்லது உருகும். அதுவும் உங்கள் முழங்காலுக்கு மேலே.

ஒயர் கணக்கையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வந்து ஃபேனுக்குத் திரும்பினால் சுமார் 5 மீட்டர் ஆகிவிடும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஃபேன் மெதுவாகச் சுற்றும், அதிகக் காற்று தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஃபியூஸ் இல்லாமல் இப்படி ஒரு ஒயர் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவில் இருக்கும்) தகட்டு ஓட்டை வழியாக உரசிக்கொண்டு போனால் தீப்பிடிக்கும் வாய்ப்பு நிஜமானது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே இப்படித்தான் இருக்கிறதென்றால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸாவது உடனே போடுங்கள்.

## மூன்று: தெர்மோ ஸ்விட்சுக்கு இணையாக

பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ரிலேயில் 85, 86 என்று இரண்டு முனைகள் காயிலுக்கு. ஒன்றுக்கு இக்னிஷன் பாசிட்டிவ் வரும், மற்றொன்று தெர்மோ ஸ்விட்ச் வழியே எர்த் (பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த வண்டி பாடி) ஆகும். கூலண்ட் 90 சொச்சம் டிகிரி வந்ததும் தெர்மோ ஸ்விட்ச் மூடி எர்த் கொடுக்கும், ரிலே இழுக்கும், ஃபேன் ஓடும். அந்த எர்த் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து டேஷ்போர்டு ஸ்விட்சுக்குக் கொண்டுபோய், ஸ்விட்சின் மறுமுனையை பாடியில் எர்த் செய்துவிடுங்கள். அவ்வளவுதான்.

இப்போது இரண்டு வழி. தெர்மோ ஸ்விட்ச் மூடினாலும் ஃபேன் ஓடும், நீங்கள் போட்டாலும் ஓடும். உங்கள் ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கை உங்களால் கெடுக்கவே முடியாது. காருக்குள் வருவது 0.15 ஆம்பியர், அதுவும் எர்த் ஒயர். அது எங்காவது உரசி பாடியில் பட்டாலும் ஃபேன் ஓடும், அவ்வளவே. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் எந்தச் சின்ன ஸ்விட்சும் போதும்.

காயிலுக்குப் பாசிட்டிவ் இக்னிஷனிலிருந்து வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வந்தால் சாவியை எடுத்ததும் ஃபேன் நின்றுவிடும், மறதி பெரிய விஷயமில்லை. சில வண்டிகளில் அது நேரே பேட்டரியிலிருந்து வரும். அதில் ஸ்விட்சைப் போட்டபடி பூட்டிவிட்டுப் போனால் 8 ஆம்பியர் இழுவையில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் பாதி காலியாகிவிடும்.

இதன் குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. ரிலே போனாலோ, ஃபியூஸ் போனாலோ, ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர் கருகினாலோ இந்த ஸ்விட்ச் கைகொடுக்காது. தெர்மோ ஸ்விட்சும் அதன் கனெக்டரும் அதிகம் பழுதாகும் இடம் என்பதால்தான் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

தெர்மோ ஸ்விட்ச் ஒயர் தடிமனான வண்டியா? அப்படியென்றால் அதற்கு இணையாக வைக்கும் ஸ்விட்சும் முழு மின்சாரத்தைச் சுமக்க வேண்டிவரும். அதைச் செய்யாதீர்கள். நான்காவது வழிக்குப் போங்கள்.

## நான்கு: தனி ரிலே, தனி ஃபியூஸ்

பேட்டரியிலிருந்து புதிய ஃபியூஸ், அங்கிருந்து புதிய நான்கு கால் ரிலேயின் 30, 87-லிருந்து மோட்டார். காயிலின் ஒரு முனைக்கு இக்னிஷன், மறுமுனை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியே எர்த். எல்லாம் பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, உள்ளே வருவது மெல்லிய ஒயர் மட்டும்.

மோட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இது மாற்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறிக்கொண்டிருக்கும்போது பழைய ரிலே கைவிட்டாலும், ஒரு தட்டில் ஃபேன் ஓடும். மலை, சுமை, வாடகை ஓட்டம் என்று வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் செலவு நியாயமானது. பொருள் சில நூறு ரூபாய்தான். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனின் அரைநாள் கூலிதான் இதில் பெரிய செலவு.

கவனிக்க வேண்டியவை மூன்று. மோட்டாருக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்து, எர்த் பக்கத்தைத்தான் தெர்மோ ஸ்விட்ச் திறந்து மூடுகிறது என்றால், புதிய ரிலேயும் எர்த் பக்கத்தில்தான் வேலை செய்ய வேண்டும். 30-ஐ பாடியில் எர்த் செய்து 87-ஐ மோட்டாரின் எர்த் முனைக்குக் கொடுக்க வேண்டும். இந்த வகையில் பழைய ஃபியூஸுக்கு மாற்று கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, கடையில் ஐந்து கால் ரிலே கொடுத்தால் நடுக்கால் 87ஏ ஆக இருக்கலாம். ரிலே சும்மா இருக்கும்போது 30-உடன் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான். அதில் மாட்டிவிட்டால் ஸ்விட்ச் தலைகீழாக வேலை செய்யும். மூன்றாவது, ஏசி கண்டென்சர் ஃபேனும் அதே ஒயரில் சேர்ந்திருந்தால் மின்சாரம் பின்பக்கமாகப் போய் அதையும் ஓட்டப் பார்க்கும். கிளை எங்கே பிரிகிறது என்று பார்த்து, அதற்குப் பிறகு மோட்டார் பக்கத்தில் சேருங்கள்.

## ஐந்து: ஸ்விட்சே வேண்டாம், பழுதைப் பாருங்கள்

இதையும் ஒரு தேர்வாகவே மதியுங்கள். தெர்மோ ஸ்விட்ச், கனெக்டர், ரேடியேட்டர் மூடி இந்த மூன்றையும் மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

மூடியைப் பலரும் கண்டுகொள்வதில்லை. 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட சமவெளியில் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். உங்கள் தெர்மோ ஸ்விட்ச் மூடுவது 95 என்றால், ஃபேன் ஓடுவதற்கு முன்பே ரேடியேட்டர் கொதிக்கிறது! அங்கே ஆளாளுக்கு ஃபேனைக் குறை சொல்வார்கள், உண்மையில் போயிருப்பது மூடி. தண்ணீரோடு சரியான அளவு கூலண்ட் கலந்திருந்தால் கொதிநிலை இன்னும் உயரும்.

வண்டி வாரண்டியில் இருந்தாலும், அதிகம் நகரத்துக்குள்ளேயே ஓடினாலும், ஒயரிங்கில் நம்பிக்கையான ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இந்த வழிதான் நல்லது. அரைகுறை ஒயரிங்கைவிட ஸ்விட்ச் இல்லாத வண்டி எவ்வளவோ மேல்.

## ஒரே பார்வையில்

| | டைரக்ட் | நேரடி ஸ்விட்ச் | தெர்மோவுக்கு இணை | தனி ரிலே | பழுது மட்டும் |
|---|---|---|---|---|---|
| தெர்மோ ஸ்விட்ச் போனால் | ஓடும் | ஓடும் | ஓடும் | ஓடும் | நிற்கும் |
| ரிலே போனால் | நிற்கும் | ஓடும் | நிற்கும் | ஓடும் | நிற்கும் |
| மோட்டார் போனால் | நிற்கும் | நிற்கும் | நிற்கும் | நிற்கும் | நிற்கும் |
| ஆட்டோமேட்டிக் | இல்லை | பெரும்பாலும் துண்டிக்கிறார்கள் | அப்படியே | அப்படியே | அப்படியே |
| காருக்குள் வரும் மின்சாரம் | இல்லை | 7–10 ஆம்பியர் | 0.15 ஆம்பியர் | 0.15 ஆம்பியர் | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | மோட்டார் தேய்மானம் | தீ அபாயம், மெதுவான ஃபேன் | ரிலேக்குக் காப்பு இல்லை | கூலி, சிக்கலான ஒயரிங் | திடீர்ப் பழுதுக்கு மாற்று இல்லை |
| பொருத்தமான நேரம் | வழியில் நின்றபோது | எப்போதும் வேண்டாம் | பழைய வண்டி, அன்றாட ஓட்டம் | மலை, சுமை, வாடகை | வாரண்டி, நகர ஓட்டம் |

## ஈசியு இருக்கும் வண்டிகள்

எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை ஈசியு அளந்து பீய்ச்சும்) வண்டிகளில் பெரும்பாலும் தெர்மோ ஸ்விட்ச் கிடையாது. கூலண்ட் சென்சாரைப் படித்து ஈசியுதான் ரிலேக்கு எர்த் கொடுக்கிறது. மூன்றாவது வழியை இதில் அப்படியே செய்தால் ஃபேன் ஓடும்தான். ஆனால் தான் எர்த் கொடுக்காதபோதும் அந்த ஒயர் எர்த் ஆகியிருப்பதைச் சில ஈசியுக்கள் ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு செக் எஞ்சின் விளக்கைப் போடும். தவறிப்போய் அந்த ஒயரில் பாசிட்டிவ் கொடுத்துவிட்டால், ஈசியு எர்த் கொடுக்கும் நொடியில் அதன் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் எரியும். ஃபேன் ரிலேயைக் காப்பாற்றப் போய் ஈசியு செலவு வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஈசியு ஒயரைத் தொடாத நான்காவது வழிதான்.

வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ஃபேன் உள்ள புதிய வண்டிகளில் கைவைக்கவே வேண்டாம்.

அவசரத்துக்கு இவற்றில் ஏற்கெனவே வழி இருக்கிறது. ஏசி போட்டால் பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடும். ஏசியின் சூடு கூடுதலாகச் சேரும் என்றாலும், ஃபேனே ஓடாததற்கு இது மேல். கூலண்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டால், சென்சார் போய்விட்டது என்று நினைத்து பல ஈசியுக்கள் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிடும். செக் எஞ்சின் விளக்கு எரியும். பட்டறைவரை போய்ச் சேர அது பரவாயில்லை.

## இணைக்கும்போது

மூன்று நிலை ஸ்விட்ச் வாங்காதீர்கள். ஆன், ஆஃப், ஆட்டோ என்று இருந்தால் ஒரு நாள் யாராவது ஆஃபில் விட்டுவிடுவார்கள். சூட்டில் எஞ்சினின் ஹெட் வளைந்த பிறகுதான் தெரியும். ஆட்டோ, ஆன் என்ற இரண்டு நிலை போதும்.

ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கைக் கட்டாயம் வையுங்கள். அதை ஸ்விட்சில் இணைக்காமல், ஃபேன் மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, ஒரு ஆம்பியர் ஃபியூஸோடு இணையுங்கள். ஸ்விட்சில் எரியும் விளக்கு நீங்கள் ஸ்விட்ச் போட்டதை மட்டுமே சொல்லும். மோட்டாரில் எடுத்த விளக்கு அங்கே மின்சாரம் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும், ஆட்டோமேட்டிக்கில் ஓடும்போதும் எரியும். முள் எங்கே வரும்போது விளக்கு எரிகிறது என்று கொஞ்ச நாளில் பழகிவிடும். அந்த இடத்தைத் தாண்டியும் எரியவில்லை என்றால் உடனே கை ஸ்விட்சைப் போடலாம்.

எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வளைய லக் வைத்து முறுக்குங்கள். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் எந்த ஒயரையும் விடாதீர்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எஞ்சின் சூட்டில் பசை உருகி அவிழும். கிரிம்ப் செய்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

மோட்டார் ஒயரைக் கழற்றி மாட்டியிருந்தால் ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். முனை மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், ஓடும் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் வண்டியில் முன் கிரில்லில் ஒரு செய்தித்தாள் தாளைப் பிடித்தால் அது உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் பறந்தால் ஒயரை மாற்றுங்கள்.

கடைசியாக, எஞ்சினை ஐடிலில் விட்டு ஸ்விட்சைப் போட்டு பத்து நிமிடம் ஃபேனை ஓடவிடுங்கள். பிறகு ஃபியூஸ் ஹோல்டர், ரிலே சாக்கெட், மோட்டார் கனெக்டர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக்கில் பழுப்பு நிறமோ தெரிந்தால் அந்த முனை சரியாகப் பிடிக்கவில்லை. அதை வெட்டிவிட்டுப் புதிய டெர்மினல் போட்டு, மறுபடி பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.